"டக்" என்ற ஓசையும் ஓம் விதியும்

டிராக்டர் மின்சுற்றில் பழுதறிதல் — ஓர் எளிய பாடம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவர்

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தின் இப்பகுதியில் குண்டாறு உண்டு. அதில் தண்ணீர் ஓடும் நாள்தான் குறைவு. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. ஆனால் எங்கள் கரிசலுக்குப் புரட்டாசிப் பட்டமே பட்டம். பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, கொத்தமல்லி ஆகியவை எல்லாம் அந்தச் சில வாரங்களை நம்பியே இருக்கின்றன.

கரிசல் மண்ணின் இயல்பை உழவர் அறிவர். நனைந்தால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் உழவுப்பதம் நிற்பது ஒரு சில நாட்களே. அந்த நாட்களில் ஊரில் உள்ள இரண்டு மூன்று டிராக்டர்களை நம்பி எத்தனையோ புன்செய்கள் காத்திருக்கும். அப்போது சாவியைத் திருப்பியதும் "டக்" என்று ஓர் ஓசை மட்டும் கேட்டு வண்டி நின்றுவிட்டால் என்னாகும்? கெடுவது வண்டிக்காரர் பிழைப்பு மட்டுமன்று. ஊரின் விதைப்பும் தள்ளிப் போகிறது.

வெளிநாடுகளில் வீட்டுப் புல்தரையை வெட்ட, அமர்ந்து ஓட்டும் சிறு வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் மின்சுற்றும் நம் டிராக்டரின் மின்சுற்றும் நெருங்கிய உறவினர்களே. புல்தரை இல்லாத நம் சீமையில் டிராக்டரையே எடுத்துக்கொண்டு, அதன் மின்பழுதை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம். முதலாண்டில் நாம் படித்த ஓம் விதி ஒன்றே இதற்குப் போதும்.

இரண்டு சுற்றுகள்

டிராக்டர் எஞ்சின் டீசலால் ஓடுவது. டீசல் எஞ்சினில் தீப்பொறி தேவையில்லை. காற்றை மிகுதியாக அழுத்தும்போது எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே, பழைய வகை டிராக்டர் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் இல்லாமலே ஓடும். மின்சாரத்தின் முதல் வேலை அதைத் தட்டி எழுப்புவதுதான். கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தை முடித்துவைத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின் துவக்கி 1912-ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் காரில் பொருத்தப்பட்டது. நம்மவர் "செல்ஃப்" என்று அழைப்பது அதன் வழித்தோன்றலே.

இந்தத் துவக்க ஏற்பாட்டில் இரண்டு சுற்றுகள் உள்ளன.

ஒன்று பெரிய சுற்று. பேட்டரியின் நேர்முனையிலிருந்து விரல் பருமனுள்ள கேபிள் சொலினாய்டுக்குச் செல்கிறது. அங்கிருந்து மின்னோட்டம் செல்ஃப் மோட்டாரை அடைகிறது. மோட்டாரிலிருந்து எஞ்சினின் இரும்பு உடல் வழியாக வந்து, எர்த் பட்டை மூலம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இச்சுற்றில் 200 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் கூட இவ்வளவு ஆம்பியர் பாய்வதில்லை.

மற்றொன்று சிறிய சுற்று. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து சொலினாய்டின் சிறிய முனைக்கு வருவது. கியர் நடுநிலையில் இருந்தாலோ கிளட்சை மிதித்தாலோதான் பாதுகாப்பு சுவிட்ச் மூடும். சொலினாய்டு என்பது நம் பாடநூல் கூறும் வரிச்சுருள். சிறிய சுற்றில் ஓட்டம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்த இழுப்பு பல்சக்கரத்தைத் தள்ளிப் பறவைச் சக்கரத்தோடு கோக்கிறது. பெரிய சுற்றின் செம்புத் தொடுமுனைகளையும் இணைக்கிறது. நாம் கேட்கும் "டக்" அந்தத் தண்டு நகரும் ஓசையே.

ஆகவே, "டக்" என்ற ஓசை நமக்கு ஒரு செய்தி சொல்கிறது: "சிறிய சுற்று வேலை செய்கிறது, பெரிய சுற்றைப் பார்" என்பதே அச்செய்தி.

விளக்கு சொல்லும் பொய்

எங்கள் தாய்மாமா டிராக்டர் ஓட்டுநர். ஒரு புரட்டாசியில், நல்ல மழை பெய்த மறுநாள், வண்டி "டக்" என்றதோடு நின்றது. நகரத்துப் பட்டறை ஒன்றில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். வண்டி உரிமையாளர் கடன் வாங்கிப் புதிய பேட்டரி போட்டார். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மீண்டும் அதே "டக்". இப்போது செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது.

"லைட்டு பளிச்சுன்னு எரியுதே மாப்ளே! அப்புறம் எப்படி கரண்டு பத்தலைங்கிறாங்க?" என்று மாமா என்னைக் கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குரிய விடை ஓம் விதியில் இருக்கிறது.

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை.

எங்கோ ஓர் இணைப்பில் துரு ஏறி 0.01 ஓம் தடை புகுந்துவிட்டது என்று கொள்வோம். ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு! நம் ஆய்வுக்கூடத்தில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டோம். 55 வாட் முகப்பு விளக்கு ஒன்று எரிய 12 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் போதும். அந்த ஓட்டத்தில் இத்தடை விழுங்கும் அழுத்தம் 4.5 × 0.01 = 0.045 வோல்ட். விளக்கின் ஒளியில் வேறுபாடே தெரியாது. அதே இணைப்பின் வழியே 200 ஆம்பியர் பாய முயலும்போது 200 × 0.01 = 2 வோல்ட் அங்கேயே போய்விடும். தடை 0.03 ஓம் என்றால் கணக்கின்படி 6 வோல்ட். (தடை கூடும்போது ஓட்டமும் குறையும் என்பதால் உண்மை அளவு சற்று மாறும், போக்கு இதுவே.) 12 வோல்ட்டில் பாதியை இணைப்பு தின்றுவிட்டால் மோட்டார் எதைக்கொண்டு எஞ்சினைச் சுழற்றும்?

ஆம்! விளக்கு பளிச்சென்று எரிவது மட்டும் பெரிய சுற்று நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. குறுகிய வாய்க்காலில் குடிக்கத் தண்ணீர் வரும், வயலுக்குப் பாயாது.

மாமாவின் வண்டியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். சாவியைத் திருப்பியபோது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11.6 வோல்ட் நின்றது. பேட்டரியில் குறையில்லை. எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் பார்த்தபோது 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இரண்டும் எர்த் பட்டையால் இணைந்தவை; அங்கே ஏறக்குறையச் சுழியம் அல்லவா காட்டவேண்டும்? பட்டையைக் கழற்றினால் அடியில் துருவும் பழைய பெயிண்டும் கரிசல் புழுதியும் ஓர் அடையாகப் படிந்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளி போல் மின்னும்வரை துடைத்து, நட்டை இறுக்கினோம். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. புதிய பேட்டரி நான்கு நாள் ஓட்டியதற்கும் காரணம் விளங்கியது. அதை மாட்டும்போது எர்த் பட்டையை அசைத்து இறுக்கியதில் தொடர்பு தற்காலிகமாகச் சரியாகியிருக்கிறது.

பட்டறைக்காரரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. காத்திருக்கும் வண்டிகளின் வரிசையில் அவருக்கு அவகாசம் இல்லை. ஆனால், அளந்து பார்க்க ஆகும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தியதால் ஒரு குடும்பத்தின் மேல் கடன் ஏறியது என்பதும் உண்மையே.

அளக்கும் முறை

மல்டிமீட்டர் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளப்பதற்கு முன் கியரை நடுநிலையில் வையுங்கள்; கை பிரேக்கைப் போடுங்கள்; எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தே வைத்திருங்கள். அப்போது செல்ஃப் சுழன்றாலும் எஞ்சின் பற்றாது. செல்ஃப்பை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுழற்றக் கூடாது. இடையே ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். இல்லையேல் மோட்டாரின் சுருள் கருகும்.

1. சும்மா இருக்கும் பேட்டரி: மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து இரு ஈய முனைகளையும் தொடவேண்டும். ஈய-அமிலப் பேட்டரியில் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். எனவே முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றவேண்டும். அதன்பிறகே மற்ற சோதனைகள்.

2. சுமை ஏற்றிய பேட்டரி: ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் அதே முனைகளில் அளக்கவேண்டும். 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி பெரும்பாலும் நலமே. அதற்கும் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கிறது.

3. நேர் பக்கத்துக் கேபிள்: மீட்டரின் சிவப்பு ஊசி பேட்டரியின் நேர்முனையில்; கறுப்பு ஊசி செல்ஃப் மோட்டாரின் பெரிய முனையில். சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் எங்கோ தடை. ஊசியை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால் குற்றவாளி அகப்படும்.

4. எர்த் பக்கம்: சிவப்பு ஊசி எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பில், கறுப்பு ஊசி பேட்டரியின் எதிர்முனையில். சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும்.

மூன்றாவது, நான்காவது சோதனைகளை மின்னோட்டம் பாயும்போதுதான் செய்யவேண்டும். ஓட்டம் இல்லையேல் தடை எவ்வளவு இருந்தாலும் பெருக்கற்பலன் சுழியமே. சாவியைத் திருப்பாமல் அளந்துவிட்டு "எல்லாம் 12 வோல்ட் வருகிறது" என்பவர்கள் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

மீட்டர் இல்லாத இடத்தில்

மீட்டர் இல்லையென்றாலும் கண்ணும் காதும் கையும் இருக்கின்றன. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

ஓசையே இல்லை, விளக்கும் மங்கவில்லை: சிறிய சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. ஃப்யூஸ், சாவி சுவிட்ச், கியர் அல்லது கிளட்ச் அருகிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச், சொலினாய்டின் சிறிய கம்பி ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த கம்பி அரிதன்று. சீமைக்கருவேல முள் இழுத்து அறுத்த கம்பியும் உண்டு.

ஒரே ஒரு "டக்". விளக்கு மங்கவில்லை: சொலினாய்டு இழுக்கிறது. ஆனால் மோட்டாருக்குள் ஓட்டம் புகவில்லை. சொலினாய்டின் தொடுமுனைகள் தீய்ந்திருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

"டக்" என்றதும் விளக்கு செத்துவிடுகிறது: பேட்டரி இறங்கியிருக்கிறது; அல்லது பேட்டரி முனையிலோ எர்த் பட்டையிலோ தடை. மாமாவின் வண்டி இவ்வகை.

"டகடகடக" என்று தொடர் ஓசை: சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் ஓட்டத்தைக் கேட்டதும் அழுத்தம் சரிகிறது, காந்தம் வலுவிழந்து தண்டை விடுகிறது, விட்டதும் அழுத்தம் மீள்கிறது, மீண்டும் இழுக்கிறது. இதுவும் இறங்கிய பேட்டரி அல்லது கெட்ட இணைப்பின் அடையாளமே.

எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் பற்றவில்லை: துவக்கச் சுற்றில் பிழை இல்லை. டீசல் குழாயில் காற்று, அடைத்த வடிகட்டி முதலியவற்றைப் பார்க்கவேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் டீசலைத் திறந்து மூடுவதற்கு ஒரு மின்வால்வு உண்டு. அதன் கம்பியையும் பாருங்கள். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் வண்டியின் கதை வேறு. அதில் தீப்பொறிச் சுருளின் கம்பியை உடலோடு இணைத்தே எஞ்சினை நிறுத்துகிறார்கள். அக்கம்பியின் உறை தேய்ந்து உடலில் உரசினால் தீப்பொறியே வராது.

பழைய மின்பணியாளர்கள் செல்ஃப்பைச் சிலமுறை சுழற்றிவிட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருக்கும் இணைப்பே கெட்டது என்பார்கள். அவர்கள் ஏட்டைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அதில் ஜூல் விதி அடங்கியிருக்கிறது. 200 ஆம்பியரின் இருமடியை 0.01 ஓமால் பெருக்கினால் 400 வாட். சிறிய மின் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் ஒரு நட்டின் அடியில்! படித்த நாம் அவர்களிடம் கற்கவும், அவர்கள் அறிந்ததற்குக் காரணம் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நின்ற வண்டியில் இறங்கும் பேட்டரி

நம் பகுதியில் டிராக்டர் உழவுக் காலத்தில் இரவும் பகலும் ஓடும். கோடையில் வாரக்கணக்கில் நிற்கும். நிற்கும்போது எங்காவது அரை ஆம்பியர் கசிந்தாலும் மூன்று நாளில், அதாவது 72 மணி நேரத்தில், 36 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஏறத்தாழப் பாதி. கசிவை அறிய, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்துப் பார்க்கலாம். அப்போது மட்டும் செல்ஃப்பை இயக்கவே கூடாது, மீட்டர் எரிந்துவிடும். நீண்ட நாள் நிறுத்தும்போது எதிர்முனையைக் கழற்றி வைப்பதும், மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவதும் நல்லது. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, பேட்டரி மீளாமற் போகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டவேண்டும். 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அதன் பெல்ட்டையும் கம்பிகளையும் பாருங்கள். ஓடும் வண்டியில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் தவறானது. திடீரென எழும் உயர் அழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கெடுத்துவிடும்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரிக்கு வாலைவடி நீரே ஊற்றவேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறு பலவற்றில் உப்புத் தண்ணீர்தான். அந்த உப்புகள் தகடுகளை அரித்து, ஆயுளைக் குறைக்கும். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியை ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கிய பின் மேலே வாஸ்லின் தடவலாம். இறுக்குவதற்கு முன் தடவக் கூடாது.

செய்யக்கூடாதவை

பாதுகாப்பு சுவிட்ச் கெட்டுவிட்டால், கீழே நின்றபடி செல்ஃப்பின் முனைகளை ஸ்பானரால் இணைத்து வண்டியைக் கிளப்புவதைக் கிராமங்களில் காணலாம். இது உயிரோடு விளையாடுவதாகும். கியர் விழுந்திருந்தால் வண்டி அக்கணமே நகரும். இணைத்தவர் நிற்பதோ பெரிய பின்சக்கரத்தின் முன்னால். அதைத் தடுப்பதற்காகவே அந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டது. அதை நேரடியாக இணைத்துவிடுவதை விட, புதியதாக மாற்றுவதே முறை.

ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூஸையே போடவேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றினால் அடுத்த முறை எரிவது வயரிங் முழுவதுமாக இருக்கும்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளவேண்டும். நேர்முனையில் ஸ்பானர் இருக்கும்போது அது உடலில் பட்டாலும், எதிர்முனை கழன்றிருந்தால் சுற்று முழுமையடையாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். அருகே பீடியோ தீக்குச்சியோ ஆகாது.

முடிவுரை

1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். தொழிலாளி வீட்டில் பிறந்த விதி, தொழிலாளியின் வண்டிக்கு உதவாமல் தேர்வுத்தாளோடு நின்றுவிடலாமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சு என்ன செய்யப்போற?" என்ற கேள்வி எனக்குப் பழக்கமானது. நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். வேலை கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மானாவாரிப் பயிருக்கு வழிசொல்ல அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வழியில் உழுது விதைக்கக் காத்திருக்கும் வண்டியின் எர்த் பட்டையைப் பார்க்க, ஊருக்கு ஓர் இயற்பியல் மாணவர் போதும்.

பொருளை மாற்றுவதற்கு முன் அளந்து பார். விலையுள்ள உறுப்பைச் சந்தேகிக்கும் முன் விலையில்லாத இணைப்பைச் சந்தேகி. இதுவே இப்பாடத்தின் சுருக்கம். வரும் ஆவணியில், மழைக்கு முன்பே, நம் ஊர் வண்டிகளின் இணைப்புகளை ஒருமுறை துடைத்து இறுக்கி அளந்து பார்ப்போமாக!